லாரிக்கு டிரைவர் கிடைக்கவில்லையாம்! யார் மேல் குற்றம்?

"டிரைவர் தேவை. ஹெவி லைசென்ஸ் அவசியம். உடனே அணுகவும்."

மாதவரம், மணலி பக்கம் லாரி புக்கிங் ஆபீஸ் வாசல்களில் இப்படி எழுதிய அட்டைகள் தொங்குகின்றன.

லாரி நிற்கிறது. லோடு இருக்கிறது. டீசல் போடப் பணமும் இருக்கிறது. ஓட்டத்தான் ஆள் இல்லை!

"இந்தக் காலத்துப் பசங்களுக்கு உடம்பு வணங்கல. பைக்கில சாப்பாடு கொண்டு போய்க் கொடுக்கிற வேலைக்குப் போறான். லாரின்னா ஓடிடறான்" என்று முதலாளிகள் அலுத்துக் கொள்கிறார்கள்.

பையன்கள் மேல்தான் குற்றமா? அவர்களை இந்தத் தொழிலுக்குள் அழைத்து வருகிற முறையில் குற்றம் இல்லையா? இதுதான் கேள்வி.

கிளீனர் பள்ளிக்கூடம்

முன்பெல்லாம் லாரித் தொழிலுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. லாரிதான் பள்ளிக்கூடம். டிரைவர்தான் வாத்தியார். கிளீனர் வேலைதான் முதல் வகுப்பு.

மீசை முளைக்காத வயதில் வண்டி ஏறுவான் பையன். கண்ணாடி துடைப்பான். டயரைத் தட்டிப் பார்ப்பான். மேட்டில் வண்டி நின்றால் குதித்து ஓடிப் போய்ச் சக்கரத்துக்குக் கட்டை வைப்பான். தார்ப்பாய் போடுவான். கயிறு இழுத்துக் கட்டுவான். ஸ்டெப்னி மாற்றுவான். சோறும் பொங்குவான்.

மூன்று நான்கு வருடம் போன பிறகு, ஆள் நடமாட்டம் இல்லாத ரோட்டில், "டேய், கொஞ்ச நேரம் பிடி" என்று டிரைவர் ஸ்டீரிங்கைக் கொடுப்பார். அன்றைக்குப் பையனுக்குத் தீபாவளி!

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் இன்று லாரி முதலாளியாக இருக்கும் பலர் அப்படிக் கட்டை தூக்கியவர்கள்தான். நேற்று கிளீனர், அப்புறம் டிரைவர், அப்புறம் கடன் வாங்கி ஒரு சொந்த லாரி என்று படிப்படியாக ஏறியவர்கள்.

அந்த முறை தங்கமானது என்று யாரும் சொல்ல வேண்டாம். பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளைகள் லாரிக்கு அடியில் படுத்துக் கிடந்தார்கள். சம்பளம் பெயருக்குத்தான். திட்டும் அடியும் தாராளம். அது ஒழிந்தது நல்லதுதான்.

ஆனால் அடி ஒழிந்தபோது பாடமும் சேர்ந்தே ஒழிந்து விட்டது. அதுதான் வினை!

15 மணி நேரப் படிப்பு

இப்போது கனரக லாரி ஓட்ட என்ன வேண்டும்?

வயது 20 ஆகியிருக்க வேண்டும். கார் போன்ற இலகு ரக வண்டிக்கு லைசென்ஸ் வாங்கி ஒரு வருடமாவது ஆகியிருக்க வேண்டும். டாக்டர் சர்டிபிகேட் வேண்டும். டிரைவிங் ஸ்கூல் சர்டிபிகேட் வேண்டும். எட்டாம் வகுப்பு படித்திருக்க வேண்டும் என்று இருந்த விதியை 2019-ம் ஆண்டு எடுத்து விட்டார்கள்.

டிரைவிங் ஸ்கூலில் எவ்வளவு நேரம் ஓட்டிப் பழக வேண்டும்? 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் வைத்த கணக்கு, 30 நாள் பயிற்சி, அதில் குறைந்தது 15 மணி நேரம் ஸ்டீரிங் பிடிப்பது.

சென்னையில் இருந்து மும்பை 1,300 கிலோ மீட்டருக்கு மேல். லோடு ஏற்றிய லாரி மணிக்குச் சராசரி 40 கிலோ மீட்டர் என்று வைத்துக் கொண்டாலும் 32 மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டும்.

அதாவது, அந்தப் பையன் மொத்தமாகப் படித்த படிப்பு, முதல் டிரிப்பின் பாதித் தூரத்துக்குக் கூடக் காணாது!

ஸ்கூல் வண்டி காலி வண்டி. முதலாளி கொடுப்பது லோடு வண்டி. காலி வண்டி சொன்ன பேச்சைக் கேட்கும். லோடு வண்டி கேட்காது. பிரேக் பிடித்தாலும் தள்ளிக் கொண்டே போகும். வளைவில் சாயும்.

முன்பு பக்கத்தில் ஒரு கிளீனராவது இருப்பார். இன்று பல லாரிகளில் அதுவும் இல்லை. செலவு மிச்சம் என்று டிரைவர் ஒருவரையே அனுப்புகிறார்கள். புதுப் பையனுக்கும் அதே கதிதான். சாவியைக் கையில் கொடுத்து, "பார்த்துப் போ தம்பி" என்று அனுப்பி விடுகிறார்கள்.

எதைப் பார்த்துப் போவது? யார் சொல்லிக் கொடுத்தது?

தொப்பூர் இறக்கம்

ஓர் உதாரணம் போதும்.

பெங்களூரில் இருந்து சேலம் வரும் வழியில், தர்மபுரி மாவட்டத்தில் இருக்கிறது தொப்பூர் கணவாய். லாரி டிரைவர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்த பெயர். எத்தனையோ உயிரைக் குடித்த இறக்கம் அது.

இறக்கத்தில் கியரை எடுத்து விட்டு நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சமாகும் என்று ஓர் எண்ணம் உண்டு. "மைலேஜ் காட்டு, படி சேர்த்துத் தர்றேன்" என்று முதலாளி சொல்லியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

கியர் இல்லாவிட்டால் என்ஜின் வண்டியைப் பிடித்து இழுக்காது. முழுப் பாரமும் பிரேக் மேல் விழும். பிரேக்கை மிதித்துக் கொண்டே வந்தால் டிரம் சூடேறும். சூடேறினால் பிடிக்காது. என்ஜினையே அணைத்து விட்டால் இன்னும் மோசம். ஏர் பிரேக்குக்குக் காற்று ஏறாது. மிதிக்க மிதிக்க இருக்கிற காற்றும் தீரும். அப்புறம் முன்னால் போகிற கார், பஸ் எல்லாம் கடவுள் விட்ட வழி!

"எந்த கியர்ல ஏறுவியோ அந்த கியர்லதான் இறங்கணும்" என்பது பழைய டிரைவர்கள் சொல்லும் பாடம். ஒரே வரிதான். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த இறக்கத்தில் வைத்துச் சொன்னால்தான் மண்டையில் ஏறும்.

தூங்காதே தம்பி!

அடுத்த எமன் தூக்கம்.

ராத்திரி 2 மணி முதல் 5 மணி வரை உடம்பு தானாகவே ஓய்வு கேட்கும் நேரம். டீ குடித்தாலும் முகத்தில் தண்ணீர் அடித்தாலும் கொஞ்ச நேரத்துக்குத்தான் தாங்கும். மணிக்கு 60 கிலோ மீட்டரில் போகும்போது 3 விநாடி கண் சொக்கினால் லாரி 50 மீட்டர் ஓடியிருக்கும். அந்த 50 மீட்டருக்கு வண்டியை ஓட்டியது யார்? யாரும் இல்லை!

பழைய டிரைவருக்குத் தன் உடம்பு தெரியும். "இனிமே முடியாது" என்று ஓரம் கட்டி விடுவார். புதுப் பையனுக்கு அது தெரியாது. தெரிந்தாலும் நிறுத்தப் பயம். "காலையில லோடு இறங்கணும், எங்கேடா இருக்கே?" என்று செல்போன் அடித்துக் கொண்டே இருக்கும்.

தூங்க வேண்டும் என்று சட்டம் சொல்லாமல் இல்லை. 1961-ம் ஆண்டிலேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்தது. நாளைக்கு 8 மணி நேர வேலை, வாரத்துக்கு 48 மணி நேரம், தொலைதூர வண்டி என்றால் அனுமதியோடு நாளைக்கு 10 மணி நேரம், இடையில் அரை மணி ஓய்வு என்றெல்லாம் அழகாக எழுதி வைத்தார்கள்.

ஆனால் 5 தொழிலாளர்களாவது இருக்கும் நிறுவனத்துக்குத்தான் அந்தச் சட்டம் என்றும் எழுதினார்கள். ஒரு லாரி, இரண்டு லாரி வைத்து ஓட்டுகிறவர்கள்தான் இந்தத் தொழிலில் அதிகம். அவர்களிடம் வேலை செய்த டிரைவருக்கு அந்தச் சட்டம் ஏட்டுச் சுரைக்காய்!

2025 நவம்பர் 21-ந்தேதி முதல் அந்தச் சட்டத்தின் இடத்துக்குப் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்து விட்டது. புதுச் சட்டமாவது ரோட்டில் இறங்கி வர வேண்டும். அதுவும் காகிதத்தில் நின்று விடக்கூடாது.

அடிக்குப் பயந்து...

விபத்து நடந்து விட்டால் என்ன செய்வது? இதையும் பையனுக்கு யாரும் சொல்வதில்லை. "ஓடிடு" என்பதுதான் அவன் காதில் விழுந்திருக்கும் ஒரே புத்திமதி.

பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தில் 106-வது பிரிவின் 2-வது உட்பிரிவு, விபத்தில் ஆள் இறந்து, போலீசுக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ தகவல் சொல்லாமல் ஓடி விடும் டிரைவருக்கு 10 ஆண்டு வரை தண்டனை என்கிறது. 2024 ஜனவரியில் வட மாநிலங்களில் டிரைவர்கள் வண்டிகளை நிறுத்திப் போராடியது இதற்காகத்தான். 2024 ஜூலை 1-ந்தேதி சட்டம் அமலுக்கு வந்தபோது அந்த உட்பிரிவை மட்டும் நிறுத்தி வைத்தார்கள்.

சட்டம் இருக்கட்டும். ஏன் ஓடுகிறார்கள்? கூட்டம் கூடி அடித்தே கொன்று விடும் என்ற பயம்! அடிபட்டவரைக் காப்பாற்றவும் வேண்டும், தன் உயிரும் பிழைக்க வேண்டும். 108-க்கும் போலீசுக்கும் உடனே போன் செய், நேராகப் போலீஸ் நிலையம் போ என்று முதல் நாளே சொல்லிக் கொடுத்தால் எத்தனையோ உயிர் தப்பும்.

பெண் கொடுக்க மாட்டார்கள்

ஊதியத்தைப் பார்த்தால் அதுவும் டிரிப் கணக்குத்தான். ஓடினால் படி. நின்றால் பட்டினி. லோடு இறக்கக் குடோன் வாசலில் இரண்டு நாள் காத்துக் கிடந்தால் அந்த இரண்டு நாளுக்கு யார் பணம் தருவது?

குளிக்க இடம் கிடையாது. ஒதுங்க இடம் தேட வேண்டும். தங்கச்சி கல்யாணத்துக்கு வர முடியாது. இதற்கு மேல், "லாரி டிரைவருக்கா பெண் கொடுப்பது?" என்று ஊரில் முகத்தைத் திருப்பிக் கொள்கிறார்கள்.

2025 அக்டோபர் 1-ந்தேதி முதல் தயாராகும் லாரிகளின் டிரைவர் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம் என்று மத்திய அரசு உத்தரவு போட்டது. நல்ல காரியம். ஆனால் ரோட்டில் ஓடுவது பெரும்பாலும் பழைய வண்டிகள். என்ஜின் சூட்டில் வெந்து கொண்டு போகிற டிரைவருக்கு அந்தக் குளிர்ச்சி வந்து சேர இன்னும் எத்தனை வருடமோ!

இதையெல்லாம் பார்த்த பிறகு, ஒரு வாலிபன் ஊருக்குள்ளேயே பைக் ஓட்டப் போனால் அவனைச் சோம்பேறி என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

முதலாளி கஷ்டமும் உண்டு

"இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுத்தா எனக்கு என்ன மிஞ்சும்? டியூ கட்டணும், டயர் போடணும், டோல் கட்டணும், இன்சூரன்ஸ் கட்டணும்" என்று சிறு முதலாளி கேட்பார். அதிலும் நியாயம் இருக்கிறது. அவரும் நேற்று டிரைவராக இருந்தவர்தான்.

ஆனால் ஒரு லாரி கவிழ்ந்தால் என்ன மிஞ்சும்? வண்டி போச்சு, சரக்கு போச்சு, கோர்ட்டுக்கு அலைச்சல். அதைப் பார்த்தால் ஓர் அனுபவசாலிக்குக் கொடுக்கும் ஆறு மாதச் சம்பளம் பெரிய தொகையா?

செலவு முழுவதையும் சிறு முதலாளி தலையில் கட்டுவதும் சரியல்ல. "நாளைக் காலைக்குள் சரக்கு வரணும், வாடகையும் குறையணும்" என்று நெருக்குகிற பெரிய கம்பெனிகளும் புரோக்கர்களும் இதில் பங்கு ஏற்க வேண்டும். வாடகை பேசும்போதே ஓய்வு நேரத்தையும், காத்திருக்கும் நாளுக்கான படியையும் சேர்த்துப் பேச வேண்டும்.

செய்ய வேண்டியது என்ன?

புது டிரைவருக்கு முதல் ஆறு மாதம் பக்கத்தில் பழைய டிரைவர் ஒருவர் இருக்க வேண்டும். அதுவரை ராத்திரியில் தனியாக அனுப்பக் கூடாது. அந்த ஆறு மாதமும் வேலைதான். முழுச் சம்பளம் கொடுக்க வேண்டும்.

கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் டிரைவர் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. நாமக்கல்லில் அசோக் லேலண்ட் நடத்தும் பயிற்சி நிலையம் இருக்கிறது. இந்த மாதிரிப் பள்ளிகள் மாவட்டத்துக்கு ஒன்று வேண்டும். ஏழைப் பையன்களுக்கு அரசு பணம் கட்டட்டும். லோடு வண்டியிலும் மலைப்பாதையிலும் பழக்கட்டும்.

இந்த வேலைக்கு வர நினைக்கும் வாலிபர்களும் வண்டி ஏறும் முன்பு வாய் திறந்து கேட்க வேண்டும். "கூட யார் வர்றாங்க அண்ணே? படி எவ்வளவு? எங்கே தூங்குறது? இன்சூரன்ஸ், எப்.சி. எல்லாம் நடப்பில இருக்கா? எத்தனை டன் லோடு?" இந்த ஐந்து கேள்விக்கும் நேராகப் பதில் சொல்லாத முதலாளியிடம் சாவி வாங்க வேண்டாம். வேலை போனால் வேறு வேலை. உயிர் போனால்?

கோயம்பேட்டில் காலையில் இறங்கும் வெங்காயம் நாசிக்கில் இருந்து வருகிறது. சென்னை நகரமே படுத்துத் தூங்கும்போது யாரோ ஒரு தாய் பெற்ற பிள்ளை கண் விழித்து அதைக் கொண்டு வந்து சேர்க்கிறான்.

அவன் தொழிலைக் கற்றுக் கொள்ள ஆறு மாதமும், தூங்க ஆறு மணி நேரமும் கொடுங்கள். அட்டை தொங்க விடாமலே டிரைவர்கள் தேடி வருவார்கள்!