பிள்ளை கேட்டது கேமைப் பற்றி அல்ல, வானத்தைப் பற்றி



“கேம் விளையாடி இவன்ட மூளை குழம்பிட்டு சேர். நட்சத்திரத்துக்கு ரெண்டு பக்கமும் வால் இருக்காம்.” இப்படி முறையிடும் பெற்றாருக்கும், “கேம் எல்லாமே வழிகேடு” என்று ஒரு வரியில் தீர்ப்பு எழுதும் சகோதரர்களுக்கும் சேர்த்தே இந்தப் பதிவு.

பிள்ளை உளறவில்லை. ‘எலைட் டேஞ்சரஸ்’ என்ற அந்த விளையாட்டு 2014இல் பிரித்தானியாவில் வெளியானது. நமது பால்வீதியையே வரைபடமாக்கி, ஏறக்குறைய 400 பில்லியன் நட்சத்திரத் தொகுதிகளை அதில் வைத்திருக்கிறார்கள். பெரும்பாலானவை கணினி கணக்கிட்டு உருவாக்கியவை. ஆனால் வானியலாளர்களின் பட்டியல்களில் உள்ள உண்மையான நட்சத்திரங்களும் அதில் நிறைய உண்டு.

வரைபடத்தில் விசித்திரமாகத் தெரிபவற்றைப் பாருங்கள்.

இரண்டு பக்கமும் வால் வைத்தது நியூட்ரோன் நட்சத்திரம். சூரியனை விட அதிக திணிவு, சுமார் 20 கிலோமீற்றர் விட்டத்துக்குள் அடங்கியிருக்கும். அதன் காந்த முனைகளிலிருந்து புறப்படும் கதிர்க் கற்றைகளைத்தான் வாலாக வரைந்திருக்கிறார்கள். 1967இல் அந்தத் துடிப்பை முதலில் கவனித்தவர் ஜோஸலின் பெல் என்ற ஆராய்ச்சி மாணவி.

கடும் சிவப்பாக இருப்பது கார்பன் நட்சத்திரம். அதன் வளிமண்டலத்தில் ஒட்சிசனை விடக் காபன் அதிகம். ‘வுல்ஃப்-ராயே’ என்பது தன் வெளிப்படைகளைத் தானே காற்றாக வீசியெறியும் பெரும் நட்சத்திரம். 1867இல் பரிஸில் கண்டுபிடித்த இருவரின் பெயர் அது. சிரியஸுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி இருக்கும். பூமியளவு உருவமும் சூரியனளவு திணிவும் கொண்ட வெண்குள்ளன் அது. சிரியஸ்தான் சூரா அந்நஜ்மில் பெயர் சொல்லப்படும் ‘ஷிஃரா’. நாம் ஓதுகிறோம், எத்தனை பேர் அதை வானத்தில் காட்டுவோம்?

பொய்யும் உண்டு. அந்த வாலுக்குள் கப்பலை விட்டால் நான்கு மடங்கு தூரம் பாயலாம் என்பது சுத்தக் கற்பனை. உண்மையில் அவ்வளவு கிட்டப் போனால் கப்பலும் மிஞ்சாது, ஆளும் மிஞ்சாது. எது உண்மை, எது கதை என்று பிரித்துக் காட்டத்தானே பெரியவர்கள் இருக்கிறோம்? போனைப் பறித்தால் அந்த வேலை முடிந்துவிடுமா?

விசித்திரமாகத் தெரிந்ததைக் கண்டு ஏசியவர்கள் அல்ல நம் முன்னோர். 964இல் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி தன் நட்சத்திர நூலில் ஒரு ‘சிறு மேகத்தை’க் குறித்து வைத்தார். இன்று அதற்கு அன்ட்ரோமீடா விண்மீன் மண்டலம் என்று பெயர். அல்டபரான், ரைஜல், அல்டேர், அல்கோல் என்று அந்த கேமில் வரும் பெயர்கள் எல்லாம் அரபிலிருந்து வந்தவை. “அல்ஹம்துலில்லாஹ், எங்கட ஆக்கள் கண்டுபிடிச்சது” என்று வாட்ஸ்அப்பில் பெருமையாக அனுப்புகிறோம். அதே பெயரைப் பிள்ளை வாயால் கேட்டால் “படிக்கிற வேலையைப் பாரு” என்கிறோம். இது என்ன நியாயம்?

தொழுகையை, பாடத்தை, தூக்கத்தை விழுங்கும் அளவுக்கு விளையாடினால் தாராளமாகக் கண்டியுங்கள், நானும் கண்டிப்பேன். நேரத்தைக் கட்டுப்படுத்துங்கள், கேள்வியைக் கட்டுப்படுத்தாதீர்கள். “வாப்பா, இது ஏன் இப்படி இருக்கு?” என்று கேட்கும் பிள்ளையை இரண்டு தரம் ஏசினால், மூன்றாம் தரம் கேட்க மாட்டான். கேட்காத பிள்ளைக்கு விஞ்ஞானம் படிப்பிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது வகுப்பில் நிற்கும் எங்களுக்குத்தான் தெரியும்.

பதில் தெரியாவிட்டால் வெட்கமில்லை. “வா மகன், சேர்ந்து தேடுவோம்” என்று சொல்லுங்கள். இன்று இஷாவுக்குப் பிறகு மொட்டைமாடிக்குக் கூட்டிப் போய் வானத்தைக் காட்டுங்கள்.