பழமைப் பாசம் என்னும் எளிய விடை

பழைய ஹாலிவுட் இசைப்படங்கள், அதாவது கதைமாந்தர் பேச்சிலிருந்து பாட்டுக்கும் நடனத்துக்கும் நகர்ந்து கதையை நடத்தும் படங்கள், வெறும் கேளிக்கையே என்றும், இன்றைய பார்வையாளர் அவற்றை எதிர்பாராமல் ரசிப்பது பழமைப் பாசத்தால்தான் என்றும் வாதிடுவோர், ஜீன் கெல்லியும் ஸ்டான்லி டானனும் இயக்கிய ‘சிங்கிங் இன் தி ரெயின்’ (1952) படத்தை எப்படி விளக்குவர்?

அதன் பெரும்பாலான பாடல்கள் ஆர்தர் ஃப்ரீடும் நேசியோ ஹெர்ப் பிரவுனும் முந்தைய படங்களுக்காக எழுதியவை என்பது உண்மையே. ஆனால் திரைக்கதை எழுதிய பெட்டி காம்டனும் அடால்ஃப் கிரீனும் அப்பாடல்கள் பிறந்த காலத்தையே களமாக்கி, 1927இல் பேச்சொலி கொண்ட ‘தி ஜாஸ் சிங்கர்’ படம் வெளிவந்தபின் மௌனப்பட உலகம் பேசும் படத்துக்கு மாறத் தடுமாறியதை எள்ளி நகையாடினர். செடிக்குள் ஒளித்துவைத்த ஒலிவாங்கியும், உதட்டசைவோடு பொருந்தாமல் விலகும் ஒலியும் அங்கே நகைச்சுவையாகவும் தொழில்நுட்ப வரலாறாகவும் ஒருசேர நிற்கின்றன. மேலும், கதையில் நட்சத்திர நடிகைக்கு இரவல் குரல் தரும் பெண்ணாக நடித்த டெபி ரேனால்ட்ஸுக்கே ஒரு பாடலில் பெட்டி நோய்ஸ் பின்னணி பாடினார்.

தன் தொழிலின் பாசாங்கையே கதைப்பொருளாக்கிய படத்தை வெறும் கேளிக்கை என ஒதுக்குவது பொருந்தாது. அக்காலத்தையும் அந்நடிகர்களையும் அறியாமல் முதன்முறையாகப் பார்ப்பவரும் வியந்து மகிழ்கிறார் எனில், அதற்குக் காரணம் நினைவேக்கம் அன்று, படத்தின் கட்டுக்கோப்பே ஆகும்.