பரம்பரையலகு என்ற சொல்

சென்ற வாரம் அன்பர் ஒருவர் தம் மனைவியின் வைத்தியசாலைக் கடிதத்துடன் என் வீட்டுக்கு வந்தார். பெயர் குறிப்பிடாது எழுத அவர் இசைந்துள்ளார். பெருங்குடலில் தோன்றிய புற்றுநோய் ஈரலுக்கும் பரவியிருந்தது. 'கே-ராஸ் மரபணுவில் மாற்றம் உண்டு' என்றது கடிதம். அவர் ஊரில் உயிரியல் கற்றவர். மரபணுவுக்கு நம் பாடநூல்கள் இட்ட பெயர் பரம்பரையலகு. அந்தப் பெயரே அவரைக் கலக்கிவிட்டது.

"மாஸ்டர், இது பிள்ளையளுக்கும் வருமோ? மகளுக்குக் கலியாணம் பேசிற நேரம். கடிதத்தை ஒருத்தருக்கும் காட்டேல்லை."

நான் கலைப் பட்டதாரி. ஆயினும் இயன்றவரை தேடிப் படித்தேன். கே-ராஸ் நம் அனைவரிடமும், 12ஆம் நிறமூர்த்தத்தில் உள்ளது. அது ஆக்கும் புரதம் கலச்சவ்வின் உட்புறத்தில் ஒட்டி நின்று, 'வளர்க' என வெளியிலிருந்து வரும் கட்டளையை உள்ளே அறிவிக்கிறது. பின்னர் மின்விளக்கின் ஆளிபோல் அணைந்துவிடுகிறது. அப்புரதத்தின் 12ஆம் இடத்தில் இருக்கவேண்டியது கிளைசீன் என்னும் அமினோவமிலம். அவ்விடத்தில் வேறொன்று அமர்ந்தால் ஆளி அணைய மறுக்கும். கட்டளையின்றியே கலம் பெருகும். ராஸ் குடும்பத்து மரபணு ஒன்றில் ஒரேயோர் எழுத்து மாறினாலே இவ்வாறு நேரும் என்பது 1982இல் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க் கலங்களில் கண்டறியப்பட்டது. ஓர் எழுத்துப் பிழையால் பொருளே கெடும் என்று முப்பது ஆண்டுகள் கற்பித்தவனுக்கு இது புதுமையன்று!

அம்மையாரின் கட்டியில் கண்ட இம்மாற்றம் பிறவியில் வந்ததன்று. குடலின் ஒரு கலத்தில் இடையில் நேர்ந்து, அதன் வழிவந்த கலங்களில் மட்டும் உள்ளது. குடற்கலம் பிள்ளைக்குச் செல்வதில்லை. வைத்தியர்கள் இதைச் சோதித்தது மருந்தைத் தெரிவதற்காகவே. செதுக்ஸிமாப் போன்ற சில மருந்துகள் இம்மாற்றம் உள்ளவர்களுக்குத் தனியே பயன் தருவதில்லை. கிளைசீனின் இடத்தில் சிஸ்டீன் அமர்ந்த வகைக்கு மாத்திரம், அப்புரதத்தையே பற்றிப்பிடிக்கும் முதல் மருந்து 2021இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது; அதுவும் அப்போது நுரையீரல் புற்றுநோய்க்கே.

அவர் முகம் தெளிந்தது. ஆனால், பரம்பரையாக வரும் குடற்புற்றுநோயும் உண்டு. அதற்குக் காரணம் வேறு மரபணுக்கள். ஆகவே, மனைவியின் குடும்பத்தில் எவருக்கேனும் இளவயதில் இந்நோய் இருந்ததா எனக் கேட்டேன். நெடுநேரம் பேசாதிருந்தார்.

"மாமி நாற்பது வயதிலை வயித்துக்குத்திலை செத்தவ. என்ன வருத்தம் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை."

"வைத்தியரிடம் சொன்னீர்களா?"

"இல்லை, மாஸ்டர்."

கே-ராஸ் கடிதத்தை ஒளித்தவர், வைத்தியர் உண்மையிலேயே அறியவேண்டிய செய்தியையும் ஒளித்துவிட்டார். புதன்கிழமை அவர்களுடன் மொழிபெயர்ப்பாளனாக நானும் செல்கிறேன். மகளையும் அழைத்துவரச் சொல்லியிருக்கிறேன்.