குட்டானும் மட்டைப் பெட்டியும்: ஆக்கவுரிமைப் பரிசோதகரின் மேசைக்கு எட்டாத எமது அறிவு

பனங்கட்டி வாங்கச் செல்லும் எவரும் அது அடைக்கப்பட்டிருக்கும் குட்டானைப் பற்றித் தனியாகச் சிந்திப்பதில்லை. காய்ச்சிய பாணி சூட்டோடு ஊற்றப்பட்டு, ஓலைக்குள்ளேயே இறுகிக் கட்டியாகி, அதே ஓலையோடு சந்தைக்கு வருகின்றது. வார்ப்பு அச்சும் அதுவே, உறையும் அதுவே, கையிலே தூக்கிச் செல்லும் பெட்டியும் அதுவே. பனங்கட்டியைத் தின்று முடித்த பின்னர் அடுப்புக்கு எரிபொருளாகவும் அது உதவிவிடுகின்றது. மீன் வாங்கிவர உமல், கூழ் குடிக்கப் பிளா, வெற்றிலைக்குக் கொட்டப்பெட்டி, பிட்டு அவிக்க நீத்துப்பெட்டி என ஒவ்வொரு பொருளுக்கும் அதற்கேற்ற கொள்கலனை ஓலையிலேயே வடித்தெடுத்தது யாழ்ப்பாணக் குடாநாடு. இவற்றைக் கண்டுபிடித்தவர் யாரென்று எவருக்கும் தெரியாது. அவர்களில் எவரும் அதற்காக உரிமைப் பத்திரம் கோரியதுமில்லை.

மேலை நாடுகளில் இதே பணியை மட்டைத் தாள் செய்கின்றது. ஆறு போத்தல்களை ஒன்றாகத் தூக்கிச் செல்லும் மட்டைப் பெட்டியைக் கொக்கா கோலா நிறுவனம் 1920களிலேயே சந்தைக்குக் கொண்டுவந்தது. அன்று தொடக்கம் இன்றுவரை, மட்டையை எந்த இடத்தில் மடிப்பது, எங்கே கீறுவது, எந்த விளிம்பை ஒட்டுவது, கைபிடி கிழியாதிருக்கப் பாரத்தை எப்படிப் பகிர்வது என்பவை பற்றி மட்டும் எண்ணற்ற ஆக்கவுரிமை விண்ணப்பங்கள் உலகெங்கும் பரிசோதிக்கப்பட்டு வருகின்றன. ஒரு மடிப்புக்கு உரிமைப் பத்திரமா என்று வாசகர்கள் வியக்கலாம். ஆம், மடிப்புக்கும் உண்டு. கோடிக்கணக்கில் விற்பனையாகும் பொருளொன்றில் விரல் நீள மட்டை மிச்சமானாலே அது பெரும் பணமாகும்.

இந்த விடயத்தை நாம் இன்று எழுத முற்படுவதற்குக் காரணம் உண்டு. 2017 செப்டெம்பரில் மெல்லிய பொலித்தீன், உணவு பொதியிடும் லஞ்ச் சீற், ரெஜிபோம் பெட்டி ஆகியவை இலங்கையில் தடை செய்யப்பட்டன. தடை எவ்வளவு தூரம் கடைப்பிடிக்கப்பட்டது என்பது வேறு கதை. ஆயினும் தாளுக்கும் மட்டைக்கும் ஓலைக்கும் அது ஒரு புதிய வாய்ப்பைத் திறந்து விட்டது. 1956 இல் வைக்கோலைக் கொண்டு கடதாசி செய்யத் தொடங்கிய வாழைச்சேனை ஆலையின் நினைவு பலருக்கு மீண்டும் வந்தது. பனையோலைப் பெட்டிக்கு மட்டையால் உட்புறம் வைப்பது, ஓலைக் கைபிடியை மட்டைப் பெட்டியில் பொருத்துவது போன்ற முயற்சிகள் எந்தச் சிறு பட்டறையிலும் தோன்றக்கூடியவை. லண்டனிலும் ரொறொன்ரோவிலும் உள்ள எம்மவர் கடைகளுக்குப் பனங்கட்டியும் ஒடியல் மாவும் அனுப்புவோருக்குப் பொதியிடல் என்பது அழகு சம்பந்தப்பட்ட விடயமன்று. உடைந்தும் பூஞ்சணம் பிடித்தும் போகும் சரக்கின் விலை சம்பந்தப்பட்ட விடயமாகும். அந்தப் பொதியிடல் முறை யாருடையது என்ற கேள்வி நாளை எழுமாயின் அதற்கு எம்மிடம் என்ன விடை இருக்கின்றது?

பேட்டன்ட் என வழக்கில் அழைக்கப்படும் ஆக்கவுரிமையை இலங்கையில் ஒழுங்குபடுத்துவது 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமாகும். அதற்கு முன்னர் 1979 ஆம் ஆண்டின் 52 ஆம் இலக்கச் சட்டம் நடைமுறையில் இருந்தது. ஒரு கண்டுபிடிப்பு புதியதாக இருத்தல் வேண்டும். அத்துறையில் தேர்ச்சி பெற்ற சாதாரண ஒருவருக்கு எளிதில் தோன்றாததாக இருத்தல் வேண்டும். தொழிலில் பயன்படத்தக்கதாக இருத்தல் வேண்டும். இம்மூன்றும் பொருந்தினால் 20 ஆண்டுகளுக்கு உரிமை கிடைக்கும். மூன்றாவது நிபந்தனையில் மட்டைப் பெட்டிகள் தோற்பது அரிது. சண்டையெல்லாம் முதலிரண்டிலுமே நடைபெறுகின்றது.

பரிசோதகர் செய்வது இதுதான். விண்ணப்பத்தின் இறுதியில் உள்ள உரிமைக் கோரிக்கைகளை ஒவ்வொன்றாகப் பிரிக்கின்றார். அடித்தட்டு, இரு பக்கத்தட்டு, நடுவே எழும் கைபிடித்தட்டு, அதிலே இரு துளை என்று கோரிக்கை சொல்லுமாயின், இவையனைத்தும் ஒரே பொருளில் முன்னரே இருந்தனவா என்று தேடுகின்றார். இருந்தால் புதுமை போயிற்று. ஒரே பொருளில் இல்லாவிடினும், ஒரு பெட்டியில் தட்டும் இன்னொரு பெட்டியில் கைபிடியும் இருந்து, இரண்டையும் சேர்ப்பது எவருக்கும் தோன்றக்கூடியதுதானே என்று அவர் கேட்கலாம். வாகன மிதி ஒன்றைப் பற்றிய கே.எஸ்.ஆர். வழக்கில் 2007 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் இந்தக் கேள்விக்கு மேலும் வலுவூட்டியது. தெரிந்த பாகங்களை இணைத்து எதிர்பார்த்த பலனையே பெறுவது கண்டுபிடிப்பாகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். எனவே விண்ணப்பதாரர் முதலில் அகலமாகக் கேட்பதும், பரிசோதகர் மறுப்பதும், பின்னர் கோரிக்கை சுருங்கிச் சுருங்கி ஒரு குறிப்பிட்ட மடிப்பில் வந்து நிற்பதும் வழமையாகிவிட்டது. சந்தையில் விலை பேசுவதை அறிந்த எமது வாசகர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

இலங்கையின் நடைமுறை சற்று வேறானது. விண்ணப்பதாரர் சர்வதேசத் தரத்திலான தேடல் அறிக்கை ஒன்றைத் தாமே சமர்ப்பிக்கலாம்; அன்றேல் கட்டணம் செலுத்தி உள்ளூர்ப் பரிசோதகர் ஒருவரிடம் தமது விண்ணப்பத்தை ஆற்றுப்படுத்துமாறு கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தைக் கோரலாம். எவ்வழியாயினும் முழுப் பாரமும் தங்கியிருப்பது தேடலின் மீதுதான். எங்கே தேடுகின்றார்கள் என்பதே இங்கு முக்கியமான கேள்வியாகும்.

உலக ஆக்கவுரிமை ஆவணங்கள் 1971 ஆம் ஆண்டின் ஸ்திராஸ்பூர்க் உடன்படிக்கைக்கு அமைய வகுக்கப்பட்டுள்ளன. பல பொருட்களைச் சேர்த்துத் தூக்கிச் செல்லும் பொதிகளுக்குரிய பகுப்பு பி65டி 71 ஆகும். பரிசோதகர் அந்தப் பகுப்பைத் திறந்தால் அங்கே போத்தல் தூக்கியும் ரின் தூக்கியும் வரிசையாக வரும். குட்டான் வராது, உமலும் வராது. இவை எந்த ஆக்கவுரிமை ஆவணத்திலும் எழுதப்படாதவை. எமது சட்டம் நல்ல சட்டமே. உலகின் எப்பாகத்திலாயினும் எழுத்து வெளியீட்டாலோ, வாய்மொழியாலோ, பயன்பாட்டாலோ பொதுமக்களுக்குத் தெரியவந்த அனைத்தையும் முன்னறிவாக அது ஏற்றுக்கொள்கின்றது. ஆனால் சட்டம் ஏற்றுக்கொள்வது வேறு, பரிசோதகரின் கண்ணில் படுவது வேறு.

மஞ்சளின் கதையை இவ்விடத்தில் நினைவுகூர்வது பொருத்தமானது. புண் ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு 1995 இல் அமெரிக்கா ஆக்கவுரிமை வழங்கியது. எமது பாட்டிமார் சிரித்திருப்பார்கள். ஆனால் இந்திய விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சி மன்றம் சிரித்துக்கொண்டிருக்கவில்லை. பழைய சமஸ்கிருத நூல்களையும் 1953 இல் இந்திய மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்த கட்டுரையையும் உள்ளடக்கிய 32 ஆதாரங்களை அது முன்வைத்தது. 1997 இல் அவ்வுரிமை இரத்தாயிற்று. வேப்பெண்ணெயைக் கொண்டு பங்கசைக் கட்டுப்படுத்தும் முறைக்கு 1994 இல் ஐரோப்பிய ஆக்கவுரிமை அலுவலகம் வழங்கிய உரிமையும் 2000 இல் நீக்கப்பட்டு, 2005 மார்ச்சில் மேன்முறையீட்டிலும் தோற்றது. இவ்விரு வெற்றிகளையும் பற்றிப் பேசுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். அக்காலத்து அமெரிக்கச் சட்டத்தின்படி வெளிநாடொன்றில் ஒரு பொருள் பயன்பாட்டில் இருந்தது என்பது மாத்திரம் போதியதாக இருக்கவில்லை. அச்சில் வந்திருத்தல் வேண்டும். 2013 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின் பின்னரே அந்த நிலை மாறியது. மஞ்சளைக் காப்பாற்றியது பாட்டிமாரின் அனுபவமன்று, தாளில் இருந்த எழுத்தே. அந்த அனுபவத்திலிருந்து இந்தியா 2001 இல் மரபறிவு மின்னூலகத்தைத் தொடங்கியது. பரிசோதகர்கள் தேடும் இடத்துக்கே ஆதாரத்தைக் கொண்டுசென்று வைத்தது.

எம்மிடம் எழுத்து எங்கே? 1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் அவற்றுடன் ஓலைச் சுவடிகளும் சாம்பலாகின. பனையோலையில் எழுதப்பட்ட அறிவே பனையைப் பற்றியும் எமக்குச் சான்று பகர்ந்திருக்கக் கூடும். அதன் பின்னர் 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடை. மின்சாரமில்லாத அந்த ஆண்டுகளில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். ஜாம் போத்தலுக்குள் திரியிட்டு விளக்கேற்றிப் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள். பெற்றோலைச் சிறிது காட்டி இயந்திரத்தை உசுப்பிவிட்டு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியது. பரிசோதகர் ஒருவரின் மேசைக்குச் சென்றிருந்தால் இவற்றுள் ஒன்றிரண்டாவது புதுமையென ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கும் என்றே நாம் கருதுகின்றோம். அக்காலத்து யாழ்ப்பாண நாளேடுகள் கோடிட்ட கொப்பித் தாளிலும் அச்சாகின. கண்டுபிடிப்புகளை விவரமாகப் பதிவுசெய்ய அவற்றில் இடமிருக்கவில்லை என்ற குற்றவுணர்வு எமது தொழிலைச் சேர்ந்த எவருக்கும் இருக்கவேண்டும்.

இன்னொரு இழப்பைச் சொல்லாமல் கடந்து செல்வது நேர்மையாகாது. 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி, விடுதலைப் புலிகளின் கட்டளைக்கமைய யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் சில மணி நேரத்துக்குள் வெளியேற்றப்பட்டனர். சோனகத் தெருவின் இரும்புக் கடைகளும் தையற் கடைகளும் பட்டறைகளும் ஒரே நாளில் வெறுமையாயின. கைகளில் இருந்த தொழிலறிவு புத்தளத்து முகாம்களுக்குச் சென்றது. எந்த உதிரிப் பாகத்தை எதற்கு மாற்றிப் பொருத்தலாம், எந்தத் தகரத்தை எப்படி மடித்துப் பெட்டியாக்கலாம் என்பதைத் தலைமுறையாக அறிந்திருந்தோர் அங்கே நிவாரண வரிசையில் நின்றனர். 1995 இல் வலிகாமத்து மக்கள் இடம்பெயர நேர்ந்ததும் அதே ஒக்டோபர் 30 இல்தான். போர் முடிந்த 2009 இன் பின்னர் முஸ்லிம்களில் ஒரு பகுதியினரே திரும்பி வந்தனர். பயன்பாட்டை நிரூபிக்கச் சாட்சி வேண்டும் எனச் சட்டம் கேட்கும்போது, சாட்சிகள் இன்று மூன்று மாவட்டங்களிலும் பல கண்டங்களிலும் சிதறியிருக்கின்றனர். அவர்களில் பலர் முதியவர்கள்.

இவற்றையெல்லாம் கூறுவதால், அந்நியக் கொம்பனி ஒன்று நாளை குட்டானைத் திருடிவிடும் என்று நாம் அச்சமூட்டுவதாக வாசகர்கள் எண்ணலாகாது. அத்தகைய கூக்குரலில் எமக்கு உடன்பாடில்லை. குட்டானுக்கு எவரும் முறையாக ஆக்கவுரிமை பெறமுடியாது; நாமும் பெறமுடியாது. அது பொதுவுடைமை. ஒரு நாடு வழங்கும் ஆக்கவுரிமை அந்நாட்டின் எல்லைக்குள் மாத்திரமே செல்லும் என்பதால் அமெரிக்க உரிமை ஒன்றைக் காட்டிச் சாவகச்சேரிச் சந்தையில் எவரையும் மறிக்கவும் முடியாது. மறிக்கக் கூடிய இடம் ஏற்றுமதிச் சந்தையே. ஓலையும் மட்டையும் கலந்த தூக்கி ஒன்றுக்கு அகலமான உரிமையை எவரேனும் அங்கே பெற்றுவிட்டால், அதை நீக்கக் கோரி வழக்காட ஒரு பனம்பொருள் கூட்டுறவுச் சங்கத்திடம் பணம் இருக்குமா?

ஆனால் எம்மை அதிகம் உறுத்துவது மற்றைய பக்கமாகும். குட்டானை மேம்படுத்தி, உண்மையாகவே புதிய ஒன்றை ஆக்கும் எமது இளைஞர், அதனைப் பதிவு செய்வதற்கு முன்னரே பறிகொடுத்து விடுகின்றார். கண்காட்சி மேடையில் வைக்கின்றார். பத்திரிகைக்குப் படம் கொடுக்கின்றார். பத்திரிகையும் பெருமையோடு பிரசுரிக்கின்றது. அந்தக் கணமே அது முன்னறிவாகின்றது. இலங்கைச் சட்டம் கண்டுபிடிப்பாளரே வெளிப்படுத்தியிருப்பின் ஓராண்டு அவகாசம் அளிக்கின்றது. அமெரிக்காவிலும் ஓராண்டு உண்டு. ஐரோப்பாவில் அவ்வாறான பொது அவகாசம் கிடையாது. லண்டன் கடைக்கு அனுப்ப எண்ணியவர் நல்லூர்த் திருவிழாக் காலத்துக் கண்காட்சியிலேயே தமது ஐரோப்பிய உரிமையை இழந்துவிடக் கூடும்.

1978 இல் தொடங்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபையும் கைதடியிலுள்ள பனை ஆராய்ச்சி நிறுவனமும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் எமக்கு அருகிலேயே இருக்கின்றன. ஓலைக் கொள்கலன்கள் ஒவ்வொன்றையும் அளவு, முடைச்சல் முறை, தாங்கும் பாரம், புழக்கத்தில் இருந்த காலம் ஆகியவற்றோடு படமும் வரைபடமும் சேர்த்து, திகதியிட்டு, தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளியிடுவது அவற்றின் சக்திக்கு அப்பாற்பட்ட காரியமன்று. கிழக்கில் முஸ்லிம் பெண்கள் பின்னும் பன்பாயையும் அதில் சேர்க்கவேண்டும். புத்தளத்தில் வாழும் முதியவர்களிடமும் சென்று கேட்கவேண்டும்.

சட்டத்திலும் ஒரு குறை உண்டு. ஜேர்மனி 1891 தொடக்கம் சிறு கண்டுபிடிப்புகளுக்கெனக் குறுகிய காலத் தனி உரிமை ஒன்றை வழங்கி வருகின்றது. சீனாவிலும் 10 ஆண்டுகளுக்கு அது கிடைக்கின்றது. கைபிடி ஒன்றைத் திருத்தியவருக்கு 20 ஆண்டு உரிமை அதிகம். ஒன்றுமே இல்லை என்பது அநீதி. இலங்கையின் 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த நடுவழி இல்லை. தோற்றத்துக்கு மாத்திரம் கைத்தொழில் வடிவமைப்பாகப் பதிவு பெற்று, புதுப்பித்துப் புதுப்பித்து 15 ஆண்டுகள் வரை வைத்திருக்கலாம். அது வேலை செய்யும் முறையைப் பாதுகாப்பதில்லை. 2022 இல் இலங்கைக் கறுவாவுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு கிடைத்தது. பனங்கட்டிக்கும் அவ்வழியை நாடலாம். அதுவும் பெயரைக் காக்குமேயன்றிப் பெட்டியைக் காக்காது.

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். விண்ணப்பம் எழுதத் தெரிந்த ஒருவரையும், தேடல் அறிக்கையின் ஆங்கிலத்தை விளக்கத் தெரிந்த ஒருவரையும் மாதத்தில் ஒரு நாளாவது யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தில் இருத்துமாறு தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தை நாம் கேட்டுக்கொள்கின்றோம். அதுவரையில், புதிய பெட்டி ஒன்றை ஆக்கி வைத்திருப்பவர்கள் அதனைச் சந்தையிலோ மேடையிலோ முதன்முதலாகக் காட்டிய திகதியைக் கொப்பியில் எழுதி வைக்கட்டும். ஓராண்டு அன்றிலிருந்தே எண்ணப்படுகின்றது.