இத்தாலி: சீசர்ல ஆரம்பிக்காதீங்க!

வீரமாமுனிவர் எந்த நாட்டுக்காரர்னு கேட்டா தூக்கத்துலகூட சொல்வோம், இத்தாலின்னு. நானும் பரீட்சையில அப்படித்தான் எழுதி மார்க் வாங்கினேன். தப்புன்னு சொல்ல முடியாது. ஆனா 1680-ல அவர் பொறந்தப்போ இத்தாலின்னு ஒரு நாடே கிடையாது. அவர் பொறந்த காஸ்திலியோனே, கொன்சாகாங்கிற ராஜகுடும்பத்தோட ஒரு கிளை ஆண்டுகிட்டிருந்த குட்டி சமஸ்தானம். இத்தாலி ராஜ்ஜியம்னு ஒண்ணு அறிவிக்கப்பட்டது 1861 மார்ச் 17-ல. முனிவர் கண்ணை மூடி நூறு வருஷத்துக்கும் மேல ஆனப்புறம்.

இதை எதுக்கு இழுக்குறேன்னா, இத்தாலியைப் பத்தி நம்மாளுங்க எழுதுற அறிமுகம் பெரும்பாலும் ஜூலியஸ் சீசர்ல ஆரம்பிக்கும், கொலோசியம் வாசல்ல ஒரு போட்டோ எடுக்கும், மைக்கேலாஞ்சலோவுக்கு ஒரு கும்பிடு போடும், பீட்சாவுல முடியும். ஏதோ ரெண்டாயிரம் வருஷமா ஒரே நாடு, ஒரே மொழி, ஒரே சாப்பாடுன்னு இருந்த மாதிரி. என் கட்சி என்னன்னா, சீசரைக் கொஞ்சம் ஓரமா உக்கார வெச்சுட்டு 1861-ல ஆரம்பிக்கணும். அப்பதான் அந்த ஊரு புரியும்.

எனக்கு இது உறைச்சது ஆபீஸ்ல. கூட வேலை பார்த்தவங்கள்ல ஒருத்தர் நேப்பிள்ஸ்காரர், இன்னொருத்தர் மிலன்காரர். ஒருநாள் நேப்பிள்ஸ்காரர் போன்ல அவங்கம்மாகிட்ட சத்தமா பேசிக்கிட்டிருந்தார். வீட்டுல ஏதாவது பிரச்சனையான்னு மிலன்காரர்கிட்ட மெதுவா கேட்டேன். "எனக்கே பாதிக்கு மேல புரியலை"ன்னார். விளையாடுறார்னு நினைச்சேன். இல்லை, நிஜமாவே புரியலை. அம்மாகிட்ட அவர் பேசினது இத்தாலியனே இல்லை, நாப்பொலித்தானோ. நேப்பிள்ஸோட சொந்த பாஷை.

அன்னிக்குப் பிடிச்சது இந்தக் கிறுக்கு. தேடிப் படிச்சதுல தெரிஞ்சதைச் சுருக்கமா சொல்றேன்.

6-ம் நூற்றாண்டுல லொம்பார்டுகள் வந்து அந்தத் தீபகற்பத்தைத் துண்டாக்கினதுக்கு அப்புறம், ஏறக்குறைய 1300 வருஷம் அது மொத்தமும் ஒரே ஆட்சியில இருந்ததே இல்லை. வெனிஸ் ஆயிரம் வருஷத்துக்கு மேல தனிக் குடியரசு, 1797-ல நெப்போலியன் வந்துதான் அதை முடிச்சு வெச்சார். ஜெனோவா அதுக்குப் போட்டிக் கடை. நடுவுல போப்பாண்டவர் ராஜ்ஜியம். தெற்கே நேப்பிள்ஸ். 1860-ல கரிபால்டி ஆயிரம் பேரோட கப்பல்ல போய் சிசிலியில இறங்கினதும் கதை வேகம் பிடிச்சுது. 1861-ல நாடு பொறந்தப்போகூட வெனிஸும் ரோமும் உள்ள இல்லை. வெனிஸ் 1866-ல சேர்ந்துச்சு. ரோமை 1870-ல படை அனுப்பித்தான் பிடிச்சாங்க.

புது நாட்டோட முதல் ராஜா பேரு இரண்டாம் விக்டர் இமானுவேல். முதல் ராஜா எப்படிய்யா இரண்டாம்? ஏற்கெனவே சார்டீனியா ராஜ்ஜியத்துல அவர் இரண்டாம் ஆளு. நாடு மாறியும் நம்பரை மாத்திக்கலை. தெற்கத்திக்காரங்க இதைப் பார்த்து, "இது ஒண்ணும் கல்யாணம் இல்லப்பா, வடக்கத்தியான் நம்மளை வாங்கிட்டான்"னு நினைச்சா தப்பு சொல்ல முடியுமா? வரி, கட்டாய ராணுவ சேவைன்னு வந்ததும் தெற்குல பல வருஷம் கலகம், ராணுவ அடக்குமுறை. அப்புறம் பஞ்சம் பிழைக்கக் கப்பலேறினாங்க. 1876-லேருந்து 1976 வரைக்கும் நாட்டை விட்டுப் போனவங்க ரெண்டரைக் கோடிக்கும் மேல. முதல்ல வடக்கத்திக்காரங்களும் நிறைய போனாங்க, பின்னாடி தெற்கு அலை.

இத்தாலியன்ல கம்பனிலிஸ்மோன்னு ஒரு வார்த்தை இருக்கு. கம்பனீலேன்னா சர்ச் மணிக்கூண்டு. நம்ம ஊரு மணிக்கூண்டுதான் ஒசத்தி, அடுத்த ஊர்க்காரன் எல்லாம் சும்மாங்கிற புத்திக்குத்தான் அந்தப் பேரு. சியன்னாங்கிற சின்ன ஊருக்குள்ளேயே 17 பேட்டை. வருஷாவருஷம் ஜூலை 2, ஆகஸ்ட் 16-ல குதிரைப் பந்தயம், அதுல பேட்டைக்குப் பேட்டை ஜென்மப் பகை.

இதுக்கு உச்சம் தாந்தே எலும்புக் கதை. தாந்தேயை 1302-ல நாடு கடத்தினது அவர் சொந்த ஊரான ஃப்ளாரன்ஸ். மனுஷன் திரும்பி வராமலே 1321-ல ராவென்னாவுல செத்துப் போனார். அப்புறம்தான் ஃப்ளாரன்ஸுக்குப் பாசம் பொங்குச்சு, எலும்பையாவது கொடுங்கன்னு கேட்டாங்க. 1519-ல ஃப்ளாரன்ஸ்காரரான போப் பத்தாம் லியோ அனுமதியே கொடுத்துட்டார். போய்த் திறந்து பார்த்தா கல்லறை காலி! ராவென்னா மடத்துச் சாமியார்கள் பின்பக்கச் சுவத்துல ஓட்டை போட்டு எலும்பை எடுத்து ஒளிச்சுட்டாங்க. 1865-லதான் அது கண்ணுல பட்டுச்சு. இன்னிக்கும் ஃப்ளாரன்ஸ்ல இருக்கறது வெறும் கல்லறை. ராவென்னாவுல எரியுற விளக்குக்கு எண்ணெய் மட்டும் ஃப்ளாரன்ஸ் வருஷாவருஷம் கொடுக்குது.

இப்பதான் விஷயத்துக்கு வர்றேன். அந்தக் காலத்துல படிச்சவன் எழுதினா லத்தீன்லதான் எழுதணும். தாந்தே தன் பெரிய காவியத்தை ஊர்ப் பேச்சுல எழுதினார். பேச்சுமொழி ஏன் உசத்தின்னு தனியா ஒரு நூலும் எழுதினார், அதை மட்டும் லத்தீன்ல, பண்டிதர்களுக்குப் புரியணும்ல :-) தாதிகிட்டேருந்து இலக்கணம் இல்லாம குழந்தை கத்துக்கற மொழிதான் மேலானதுங்கறது அவர் வாதம்.

அந்த ஃப்ளாரன்ஸ் பேச்சுதான் பின்னாடி இத்தாலியன் ஆச்சு. மிலன்காரரான மன்ஸோனி தன் நாவலை 1827-ல வெளியிட்டுட்டு, மொழி சரியில்லைன்னு ஃப்ளாரன்ஸ் போய் கேட்டுக் கேட்டு, 1840-ல ஆரம்பிச்சு மறுபடி திருத்தி வெளியிட்டார். 1861-ல அந்த மொழியைப் பேசத் தெரிஞ்சவங்க நூத்துக்குப் பத்து பேருக்கு மேல இல்லைன்னு அறிஞர்கள் கணக்கு. சிலர் ரெண்டரைதான்கிறாங்க. பள்ளிக்கூடம், பட்டாளம், 1954-ல வந்த டிவி, இதெல்லாம் சேர்ந்துதான் அதை எல்லார் வாய்லயும் கொண்டுபோய் வெச்சுது. 1960-ல ஆல்பர்ட்டோ மன்ஸிங்கிற வாத்தியார் டிவியில எழுத்தறியாத பெரியவங்களுக்குப் பாடம் நடத்தினார். இது சாதாரண விஷயம் இல்லை. பொது மொழி இல்லாம சிசிலிக்காரன் டூரின் பேக்டரியில எப்படி வேலை பார்ப்பான்? அதை நான் மறுக்கலை.

ஆனா நேப்பிள்ஸ்காரர் ஒரு சாயந்திரம் டீ குடிக்கும்போது சொன்னது மனசுல நிக்குது. சின்ன வயசுல ஸ்கூல்ல வாய் தவறி வீட்டுப் பாஷை வந்துட்டா டீச்சர் "ஒழுங்கா பேசு"ன்னு அதட்டுவாங்களாம். "அதனால என் பொண்ணுகிட்ட நான் இத்தாலியன் மட்டும்தான் பேசுறேன். பாட்டி பேசினா அவளுக்குச் சிரிப்பு வருது. எங்கம்மாவுக்கு அப்புறம் நான் யார்கிட்ட அதைப் பேசுவேன்?"

சிறுபான்மை மொழிகளைக் காப்பாத்த 1999-ல இத்தாலி ஒரு சட்டம் போட்டுச்சு. 12 மொழிச் சமூகங்கள் பட்டியல்ல இருக்கு. நாப்பொலித்தானோ அதுல இல்லை. சிசிலியன் இல்லை, வெனிஸ் பாஷையும் இல்லை.

லத்தீனை எதிர்த்து ஜெயிச்ச ஒரு ஊரோட பேச்சு, கடைசியில மத்த ஊர்ப் பேச்சுக்கெல்லாம் தானே லத்தீனா உக்காந்துக்கிச்சு. என்னைக் கேட்டா இத்தாலி வரலாற்றுல கொலோசியத்தை விடப் பெரிய கதை இதுதான்.

சாப்பாட்டுல மட்டும் அவங்க கொஞ்சம் நியாயமா நடந்துக்கிட்டாங்கன்னு எனக்குத் தோணும். அர்த்தூசின்னு ஒருத்தர். பதிப்பகம் கிடைக்காம 1891-ல சொந்தக் காசுல சமையல் புஸ்தகம் போட்டார். 475 குறிப்பு. வாசகர்கள் லெட்டர் போட்டுப் போட்டு, அவர் சேர்த்துக்கிட்டே போய், அவர் சாகறதுக்குள்ள 790 ஆச்சு. பின்னூட்டத்தால வளர்ந்த முதல் பதிவர் அவர்தான்னு நான் சொல்வேன். எந்த ஊர்ச் சமையலையும் மட்டம்னு தள்ளாம பக்கத்துல பக்கத்துல வெச்சார். மொழிக்கும் அப்படி ஒரு அர்த்தூசி கிடைச்சிருக்கலாம்.

நம்ம வீரமாமுனிவர் என்ன பண்ணினார்னும் சொல்லிடறேன். செந்தமிழுக்கு ஒரு இலக்கணம் எழுதினார், பேச்சுத் தமிழான கொடுந்தமிழுக்கும் தனியா ஒண்ணு எழுதினார். எழுதினது லத்தீன்லதான். ஆனா ரெண்டையும் மதிச்சார்.

பேச்சுத்தமிழ்ல பதிவு போடறதான்னு மாசத்துக்கு ஒருதடவை என்னைத் திட்டுற நண்பர்களே, கொஞ்சம் யோசிங்க. திட்டுறதுன்னா பின்னூட்டப் பெட்டி கீழே இருக்கு.

பி.கு: இத்தாலி போறவங்க ரோமோட நிறுத்திக்காம ராவென்னாவுக்கும் ஒரு நடை போய்ட்டு வாங்க. விளக்கு எரியுதான்னு பார்த்துச் சொல்லுங்க.