காரண்டி முடிந்த டெலிவிஷன்

காத்திவாக்கம் கடலோர ஊர். உப்புக் காற்று ஓயாமல் வீசும் இடம். அந்தக் காற்றில் இரும்புக் கதவு துருப்பிடிக்கிறது. ஜன்னல் கம்பி அரித்துப் போகிறது. டெலிவிஷன் பெட்டிக்குள் இருக்கும் மெல்லிய செம்புக் கம்பி மட்டும் தப்புமா?

ஆலையிலும் துறைமுகத்திலும் உழைப்பவர்கள் மாதத் தவணையில் டெலிவிஷன் வாங்குகிறார்கள். காரண்டி பெரும்பாலும் ஓர் ஆண்டுதான். சில வீடுகளில் தவணை முடியும் முன்பே காரண்டி முடிந்துவிடுகிறது! பிறகு ஒரு நாள், பாட்டுக் கேட்கிறது, படத்தைக் காணோம். "காரண்டி முடிந்துவிட்டது. புதிது வாங்கிக் கொள்ளுங்கள்" என்று கம்பெனி ஆள் சொல்கிறார். வீட்டில் உள்ளவர்களும் தலையை ஆட்டுகிறார்கள்.

ஆட்டக் கூடாது.

முதலில் கோளாறு என்ன என்று பார்க்க வேண்டும். சத்தம் வந்து படம் வராவிட்டால், அறை விளக்கை அணையுங்கள். டார்ச் விளக்கைத் திரையருகே சாய்வாகப் பிடித்து உற்றுப் பாருங்கள். மங்கலாக உருவங்கள் அசைகின்றனவா? அப்படியானால் திரை நன்றாக இருக்கிறது. அதன் பின்னால் உள்ள சிறு விளக்குப் பட்டையோ, அதற்கு மின்சாரம் கொடுக்கும் பலகையோதான் கெட்டிருக்கும். இவற்றை மாற்றிவிடலாம். சென்னை ரிச்சி தெருவில் இத்தகைய பாகங்கள் விற்கிறார்கள். திரையே உடைந்து போனால் கதை வேறு. திரையின் விலை ஏறக்குறைய புதுப் பெட்டியின் விலை. அதற்குப் பணம் போடுவது வீண்.

பின்மூடியை நீங்களே கழற்றாதீர்கள். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். நனைந்த பெட்டியை 'வேலை செய்கிறதா' என்று போட்டுப் பார்ப்பதும் ஆபத்து. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் எண்ணூர்ப் பகுதி வீடுகளுக்குள் எண்ணெயோடு புகுந்ததே, அதுபோன்ற சேதத்துக்குக் காரண்டி பொதுவாகச் செல்லாது.

இனி, சட்டம் என்ன சொல்கிறது?

பழையதாகித் தேய்ந்து போன பொருளுக்கு யாரும் பணம் தரமாட்டார்கள். ஆனால் காரண்டி இருக்கும்போதே புகார் செய்து, அரைகுறையாகச் சரி செய்து, காரண்டி முடிந்ததும் அதே கோளாறு மறுபடி வந்தால், கம்பெனி கையை உதற முடியாது. அதற்காகவே முதல் புகாரின் ரசீதைப் பத்திரமாக வைக்க வேண்டும். காரண்டி முடிந்த பிறகு பணம் வாங்கிக் கொண்டு ரிப்பேர் செய்கிறார்கள் அல்லவா? அதுவும் ஒரு சேவைதான். சரியாகச் செய்யாவிட்டால் அதற்கும் கேள்வி கேட்கலாம்.

1915 என்ற எண்ணுக்குப் போன் செய்து தமிழிலேயே முறையிடலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ம் ஆண்டுச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. 2 ஆண்டுக்குள் போக வேண்டும்; அவ்வளவுதான்.

2006-ல் தமிழக அரசு இலவச வண்ண டெலிவிஷன் கொடுக்கத் தொடங்கியது. அந்தப் பெட்டி கெட்டால், தெருமுனைக் கடைக்காரர் திருப்புளியோடு வந்து சரி செய்தார். இன்றைய பெட்டி மெலிந்துவிட்டது. அதைச் சரி செய்யும் வழியும் மெலிந்துவிட்டது. பாகம் கேட்டால், "அந்த மாடல் இப்போது வருவதில்லை" என்கிறார்கள். இது நியாயமா?

ஐரோப்பிய நாடுகளில் 2021 முதல் ஒரு விதி இருக்கிறது. ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும், முக்கியமான டெலிவிஷன் பாகங்களை 7 ஆண்டு கொடுத்தாக வேண்டும். நம் மத்திய அரசும் 2022-ல் 'பழுது பார்க்கும் உரிமை' பற்றி ஆராயக் குழு அமைத்தது. வீட்டுச் சாமான்களும் அதில் அடக்கம். ஐரோப்பாவில் உள்ளது போல, ஆண்டுக் கணக்கைச் சொல்லும் கண்டிப்பான விதி இங்கும் வேண்டும். தவணை கட்டும் தொழிலாளிக்குத்தான் அது முதலில் தேவை.

அடுத்த முறை கடைக்குப் போகும்போது, திரை எத்தனை அங்குலம் என்று கேட்பதோடு நிற்காதீர்கள். பாகங்கள் எத்தனை ஆண்டு கிடைக்கும் என்றும் கேளுங்கள். பதிலைப் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.