ஆட்டோவுக்குப் பின்னால் ஒரு கிடங்கு

பெங்களூர் மெஜஸ்டிக்கில் பஸ்ஸைவிட்டு இறங்கும் தமிழர் ஆட்டோ பிடிக்க இரண்டு வழிகள் இருக்கின்றன. கைவசம் உள்ள நாலு கன்னட வார்த்தைகளோடு பேரத்தில் இறங்குவது ஒன்று. பல சமயம் டிரைவர் தமிழிலேயே பதில் சொல்லி நம்மை அசடு வழிய வைப்பார். இன்னொரு வழி செல்போன். அந்த வழியில் 2022 அக்டோபரில் பெரிய தகராறு வெடித்தது. முதல் 2 கிலோமீட்டருக்கு அரசு நிர்ணயித்த கட்டணம் 30 ரூபாயாக இருக்க, செயலிகளில் 100 ரூபாய் வரை வாங்குகிறார்கள் என்று புகார். மாநிலப் போக்குவரத்துத் துறை, செயலிவழி ஆட்டோ சேவையையே நிறுத்தச் சொன்னது. அடுத்த மாதமே ஆட்டோ டிரைவர்கள் சங்கம் தன் பங்குக்கு ஒரு செயலியோடு வந்துவிட்டது. பெயர் 'நம்ம யாத்ரி'. மென்பொருள் வேலை ஜஸ்பே என்ற பெங்களூர் நிறுவனத்தினுடையது. சவாரிக்குக் கமிஷன் கிடையாது. 2023இல் நாளொன்றுக்கு 25 ரூபாய் சந்தா என்ற ஏற்பாடு வந்தது.

இதெல்லாம் செய்தித்தாள்களில் வந்த கதை. அவ்வளவாக வராத ஒன்றும் உண்டு. இந்தச் செயலியின் மூல நிரல் பொதுவில் வைக்கப்பட்டிருக்கிறது. மதுரையில் இருக்கும் ஒரு கல்லூரி மாணவி கூட அதை எடுத்துத் தன் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் நிரல் கையில் கிடைப்பது வேறு, அது ஓடுவது வேறு. பின்புலம் ஹாஸ்கெல் மொழியில் எழுதப்பட்டது. அதற்குச் சரியான பதிப்பில் கம்பைலர் வேண்டும்; போஸ்ட்கிரெஸ், ரெடிஸ், காஃப்கா என்று ஒரு படை வேண்டும். ஒன்றின் பதிப்பு பிசகினாலும் எல்லாம் நின்றுவிடும். ஐ.டி. வேலையில் புதிதாகச் சேர்ந்த பையன்களைக் கேட்டுப் பாருங்கள், முதல் வாரம் முழுக்க இப்படித்தான் கரைந்தது என்பார்கள். மூத்தவரிடம் போய் நின்றால், 'என் மெஷினில் ஓடுகிறதே' என்ற பதில் தயாராக இருக்கும்.

நம்ம யாத்ரிக்காரர்கள் இதற்குப் பிடித்த வழி நிக்ஸ். லினக்ஸில் மென்பொருளை நிறுவவும் நீக்கவும் உதவும் 'பேக்கேஜ் மேனேஜர்' வகையைச் சேர்ந்தது, ஆனால் கொஞ்சம் விசித்திரமான பிறவி. நெதர்லாந்தின் யூட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் எல்கோ டோல்ஸ்ட்ரா 2003இல் தொடங்கி, 2006இல் முனைவர் பட்ட ஆய்வாகச் சமர்ப்பித்தது. டச்சு மொழியில் 'நிக்ஸ்' என்றால் ஒன்றுமில்லை. வெளிப்படையாகக் கேட்காத எதுவும் கண்ணில் படாத இடத்தில்தான் இது ஒரு புரோகிராமைத் தயாரிக்கும். அதனால் அந்தப் பெயர்.

வழக்கமான லினக்ஸ், ஒரே அடுக்களை உள்ள கூட்டுக் குடும்பம் மாதிரி. எல்லோருக்கும் பொதுவாக ஒரே உரல். ஒரு மருமகள் உரலை மாற்றினால் மற்றவர்களின் மாவு கெடும். நிக்ஸ் வீட்டில் ஆளுக்கொரு உரல். எல்லாம் 'நிக்ஸ் ஸ்டோர்' என்ற ஒரே கிடங்கில் இருக்கும். ஆனால் ஒவ்வொன்றின் பெயருக்கு முன்னாலும் 32 எழுத்துகள் கொண்ட ஒரு முத்திரை. மூல நிரல், கம்பைலர், சார்ந்திருக்கும் மற்ற மென்பொருள்கள் எல்லாவற்றையும் வைத்துக் கணக்கிடப்படும் முத்திரை அது. ஏதாவது ஒன்று துளி மாறினாலும் முத்திரை மாறி, புதிய சரக்கு தனி இடத்தில் உட்காரும். பழையது தொந்தரவில்லாமல் அப்படியே கிடக்கும். புதிய பதிப்பு காலை வாரிவிட்டால் ஒரே கட்டளையில் பழையதற்குத் திரும்பலாம். இந்த அடிப்படையில் ஒரு முழு லினக்ஸே இருக்கிறது: நிக்ஸ்ஓஎஸ். அதில் கம்ப்யூட்டர் கிளம்பும்போதே பழைய நிலைகளின் பட்டியல் திரையில் வரும். 2012இல் குனு அமைப்பினர் இதே கொள்கையில் கீக்ஸ் என்று ஒன்றை அறிவித்தார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. என் பழைய லேப்டாப்பில் போட்டுப் பார்த்தேன். மூன்றே மாதத்தில் டிஸ்க் நிரம்பிவிட்டது. வேண்டாத புரோகிராம்களை நீக்கினேன். ஒரு எம்பி கூடக் குறையவில்லை. காரணம் பிறகு புரிந்தது. நீக்குவது என்றால் நிக்ஸுக்கு 'இனி காட்டாதே' என்றுதான் பொருள். பழைய நிலை ஏதாவது ஒன்று அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் வரை சரக்கு கிடங்கைவிட்டு நகராது. 'நிக்ஸ்-கலெக்ட்-கார்பேஜ்' என்ற கட்டளையோடு 'டி' என்ற எழுத்தையும் சேர்த்தால் பழைய நிலைகளையும் அழித்துக் கூட்டித் தள்ளும். அவசரப்பட வேண்டாம். அழிவது நீங்கள் திரும்பிப் போக வைத்திருந்த வழியும்தான். புதியது நாலு நாள் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள். அதன் பிறகும் என் டிஸ்க்கில் பாதிதான் காலியானது. எப்போதோ ஒரு சோதனை செய்து மறந்துபோன ஃபோல்டரில் 'ரிசல்ட்' என்ற பெயரில் ஒரு சின்ன இணைப்பு. நிக்ஸ் தானே விட்டுவிட்டுப் போனது. அந்த ஒரு நூலிழையில் ஜிபி கணக்கில் சரக்கு தொங்கிக்கொண்டிருந்தது.

உறவுக்காரப் பையன் ஒருவன் இங்கே வேலைக்குச் சேர்ந்த புதிதில் ராத்திரி பதினொரு மணிக்குப் போன் செய்தான். ஃபைல் கண்ணெதிரே இருக்கிறது, நிக்ஸ் இல்லை என்கிறது என்று புலம்பல். 'ஃப்ளேக்' என்ற முறையில், கிட் கணக்கில் ஏறிய ஃபைல்களை மட்டும்தான் நிக்ஸ் எடுத்துக்கொள்ளும். 'கிட் ஆட்' என்று ஒரு வரி போட்டதும் தீர்ந்தது. இதை நேரடியாகச் சொல்லித் தொலைக்காமல், கிடங்கு முகவரி ஒன்றை நீளமாக அச்சடித்துக் குழப்புவதுதான் அப்போது நிக்ஸின் வழக்கமாக இருந்தது. பிழைச் செய்திகள் விஷயத்தில் அதற்கு நான் நல்ல மார்க் கொடுக்கமாட்டேன். நிக்ஸ்ஓஎஸ்ஸின் பழைய பதிப்புகளில், இறக்கிய புரோகிராம் ஒன்றை ஓட்டினால் 'அப்படி ஒரு ஃபைலே இல்லை' என்று வந்ததும் இதே ரகம். காணாமல் போனது அந்த ஃபைல் இல்லை. அதை நினைவகத்தில் ஏற்றிவிடும் 'லோடர்', மற்ற லினக்ஸ்களில் இருக்கும் இடத்தில் இங்கே இல்லை. 'நிக்ஸ்-எல்டி' போட்டால் சரியாகும்.

ஒரு பிழையை மட்டும் அலட்சியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இணையத்திலிருந்து வந்த மூலத்தின் முத்திரை, எழுதி வைத்த முத்திரையோடு பொருந்தவில்லை என்று சில சமயம் நிக்ஸ் நின்றுவிடும். வந்ததை எழுதியிருந்த இடத்தில் ஒட்டிவிட்டு மேலே போவது பலருடைய பழக்கம். பதிப்பை நீங்களே மாற்றியிருந்தால் சரி. மாற்றாதபோது மூலம் ஏன் மாறியது? யாராவது கை வைத்திருக்கலாம். நாலு பேருடைய சவாரியும் பணமும் அந்த நிரலில் ஓடுகிறது என்றால், விடை தெரிந்த பிறகு ஒட்டுவதே முறை.

மதுரை மாணவிக்கு வருவோம். நிக்ஸை நிறுவிவிட்டு நம்ம யாத்ரி நிரலை எடுத்தால், பதிப்புகளைப் பூட்டி வைத்திருக்கும் ஃபைலும் கூடவே வரும். கோரமங்கலாவில் எந்தக் கம்பைலரோ அதே கம்பைலர்தான் மதுரையிலும். பிட் பிசகாமல் எல்லாமே ஒன்றாக இருக்கும் என்று சத்தியம் செய்ய முடியாது. சில மென்பொருள்கள் தயாரான நேரத்தைத் தமக்குள்ளேயே பொறித்துக்கொள்ளும். ஆனாலும் முதல் வாரத்துப் புலம்பலுக்கு இடமில்லை. தயாராக உள்ள சரக்கைக் கொடுக்கும் 'கேஷ்' முகவரியை முதலிலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும். மறந்தால் ஒவ்வொன்றையும் லேப்டாப்பே சமைக்க ஆரம்பித்துவிடும். விடிந்த பிறகும் மின்விசிறி இரைந்துகொண்டிருக்கும்.